ஆடு தின்னும் பழத்துக்கு ஆளுக்கு 2,200 ரூபாய்

என் மச்சானுக்குப் பண்ருட்டிப் பக்கத்தில் நான்கு ஏக்கர் முந்திரித் தோப்பு. பருவத்தில் கொட்டையைத் திருகி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். ஆடு தின்னும், ஈ மொய்க்கும், மூன்றாம் நாள் தோப்பு முழுக்க ஒரு புளித்த வாடை அடிக்கும். அந்த வாடையை முகர்ந்து பார்க்க ஆளுக்கு 2,200 ரூபாய் கட்டியிருக்கிறேன் என்று, அவர் கோவாவுக்கு வந்து இறங்கிய அன்றே சொன்னது என் தப்பு. ராத்திரி சாப்பாட்டில் கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் கோவாவில் மட்காவ் நகரத்தில் குடியிருக்கிறேன். வேர்ணா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் கரைப்பான்களின் வாசனைக்கு நடுவில் இருப்பவன் என்பதால் மூக்கு கொஞ்சம் பழகியது என்று ஒரு நினைப்பு உண்டு. வந்த ஆறு வருஷத்தில் ‘டேஸ்டிங்’ என்று பெயர் போட்ட ஏழெட்டு நிகழ்ச்சிகளுக்குப் போயிருப்பேன். ஒயின், ஜின், சிங்கிள் மால்ட் விஸ்கி, அப்புறம் முந்திரிப் பழத்திலிருந்து கோவாவில் காய்ச்சுகிற சாராயமான ஃபெனி. அதில் பாதி, காசு கொடுத்து விளம்பரம் கேட்ட கதைதான். இந்த ஏப்ரலில் மச்சானோடு போன ஃபெனி மாலை அப்படி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சரியில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இதன் அருமை தெரியும். போன நவம்பரில் பனாஜியில் ஒரு பெரிய ஓட்டலின் புல்வெளியில் ஒயின் மாலை. தலைக்கு 3,500. ஐந்து ஒயின், ஐந்தும் நாசிக் சரக்கு. முதலில் வந்த செனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயின் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் பழுத்த கொய்யாவைக் கீறிய வாசனை. அப்புறம்தான் சிவப்பு ஒயின்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிற அறை, பதினேழு பதினெட்டு டிகிரி. இங்கே பாட்டில்கள் மதியத்திலிருந்து வெளி மேசையில் நின்றிருந்தன. ஷிராஸ் ஆறிப்போன ரசம் மாதிரி தொண்டைக்குள் இறங்கியது. பேசியவர் ‘பிளாக் கரண்ட், தோல், புகையிலை’ என்று அடுக்கிக்கொண்டே போனார். பிளாக் கரண்ட் எனக்கு ஐஸ்கிரீமில்தான் பழக்கம். கூட இருந்தவர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் ஐஸ்கிரீம் கோஷ்டிதான் என்பது முகத்திலேயே தெரிந்தது. பல்குத்தியில் செருகிய சீஸ் துண்டுகள் நான்காவது கோப்பை முடிந்த பிறகு வந்தன. ஐந்தாவது கோப்பையோடு ஆர்டர் படிவம் வந்துவிட்டது. வெப்பத்தைப் பற்றிச் சொன்னேன், கருத்துப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதோடு சரி.

ஃபெனி நடத்தியவர்கள் ஒரு குடும்பம். தெற்கு கோவாவில் கேபே என்கிற ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் தோப்பும் வீடும். பதினான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பெயரை நான் இங்கே போடப்போவதில்லை, கூட்டம் சேர்ந்தால் தாங்குகிற இடம் இல்லை அது. மார்ச்சிலிருந்து மே வரை, பழம் விழுகிற காலத்தில், கோவாவில் இந்த மாதிரிப் பல இடங்களில் நடத்துகிறார்கள். விசாரித்தால் கிடைக்கும். நடத்துபவர் அந்த வீட்டு மருமகள், முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். காய்ச்சுபவர் மாமனார். மருமகள் ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசுவார், மாமனார் கொங்கணி மட்டும். மச்சான் தமிழ் மட்டும். கடைசியில் அதிகமாகப் பேசிக்கொண்டவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

மாலை நான்கு மணிக்கு ஆளுக்கொரு கூடையைக் கையில் கொடுத்துத் தோப்புக்குள் அனுப்பினார்கள். மரத்திலிருந்து பறிக்கக்கூடாது, தானாக விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும். பறித்த பழத்தில் சர்க்கரை முழுதாக ஏறியிருக்காது, சாராயம் நிற்காது என்பது கணக்கு. பெங்களூரிலிருந்து வந்த இளவட்டங்கள் பழத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இடது கையில் பழம், வலது கையில் ஒரு திருகு, கொட்டை தனி, பழம் தனி. ஐந்து நிமிஷத்தில் கூடை நிறைந்தது. மாமனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் தன் கூடையையும் கொண்டுவந்து மச்சான் பக்கத்தில் வைத்தார். மருமகள் என்னிடம், “அங்கிளை மே மாசம் வரைக்கும் இங்கேயே விட்டுட்டுப் போங்க, சாப்பாடு போட்டுச் சம்பளமும் தர்றோம்” என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். மச்சான் முதல்முறையாகச் சிரித்தார்.

“நம்ம ஊர்ல கொட்டையத்தான் மாப்ள எண்ணுவோம். இவங்க பழத்தை எண்றாங்க.”

இங்கே ஒரு குறை. பழைய துணி போட்டுக்கொண்டு வரச் சொல்லி இவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. முந்திரிப் பழச்சாறு பட்டால் அந்தக் கறை துணி கிழியும்வரை போகாது. பண்ருட்டியில் அது குழந்தைக்கும் தெரியும். வெள்ளைக் குர்தாவில் வந்த ஒருவர் பழம் மிதிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். முன்பணம் கட்டும்போது ஒரு வரி அனுப்பியிருக்கலாம்.

பாறையில் குடைந்த தொட்டிக்குக் கொல்ம்பி என்று பெயர். முன்பெல்லாம் அதில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பார்களாம். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான். இவர்கள் வந்தவர்களுக்காக ஒரு தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நாடகம்தான், ஆனால் பழம் எப்படி நசுங்குகிறது, சாறு எந்த வழியில் ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மிதித்த சக்கையைக் குவித்து, மேலே கல் ஏற்றி வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்குவது நீரோ. அதுதான் முதல் கோப்பை, சாராயம் இல்லை, வெறும் சாறு. குளிரவைத்துக் கொடுத்தார்கள். சின்ன வயதில் உப்பைத் தொட்டுக்கொண்டு தின்ற பழத்தின் கரகரப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தேன். இருந்தது, ஆனால் ஓரத்தில் லேசாக. மச்சான் இரண்டு முறை நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். “தொண்டையப் பிடிக்கலையே” என்றார், யாரோ ஏமாற்றிவிட்டது போல.

பட்டி என்பது காய்ச்சும் இடம். செப்புப் பானை, அடியில் விறகு, பானையிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு போகிறது. மூடி பொருந்தும் இடத்தில் ஆவி கசியாமல் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. சாறு இரண்டு மூன்று நாள் தானாகவே புளிக்கும், அதைக் காய்ச்சினால் முதலில் வருவது உர்ராக். உர்ராக்கையும் புளித்த சாற்றையும் சேர்த்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி. இவ்வளவுதான் சூத்திரம். மீதி எல்லாம் தீயை எப்போது குறைப்பது, வடிவதை எந்த இடத்தில் பிரித்து எடுப்பது என்கிற கைப்பழக்கம். முதலில் சொட்டுவதை மாமனார் தனியாக ஒரு டப்பாவில் பிடித்து ஓரமாக வைத்தார்.

என் தொழில்புத்தி அங்கேதான் விழித்துக்கொண்டது. மெத்தனாலைப் பற்றிக் கேட்டேன். மாமனார் அந்த ஓர டப்பாவைக் காட்டினார். பழத்தைப் புளிக்கவைத்தால் கொஞ்சம் மெத்தனால் வரத்தான் செய்யும், உயிரை எடுக்கிற அளவுக்கு அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது சாராயத்தில் கலந்த மெத்தனாலால்தான். மச்சான் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி ஒன்றும் தூரம் இல்லை. அடுப்புப் புகையைப் பார்த்தபடி அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நானும் அந்தப் பேச்சை அதற்கு மேல் இழுக்கவில்லை.

அடுத்து உர்ராக். இது பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிற சரக்கு, வைத்துக் குடிப்பது இல்லை. பதினைந்து சதவீதம் பக்கம் இருக்கும். கோவாக்காரர்கள் இதில் லிம்கா ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு பச்சை மிளகாயை நெடுக்காகக் கீறிப் போட்டுக் கொடுப்பார்கள். ஏப்ரல் வெயிலுக்கு இதற்கு இணையாக ஒன்று உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து நீர்மோர்தான். மச்சானும் அதையே சொன்னார், “மோர் மாதிரி எறங்குதே”. ஆபத்தும் அதிலேதான். ஒரு யோசனை: லிம்கா ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வாய் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் நேராக லிம்காவோடுதான் வருகிறது. ருசி பார்க்கிற நிகழ்ச்சியில் முதல் சாராயத்தையே சோடாவில் முக்கிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்குள் ஒரு பக்கம் கொட்டை சுட ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டை போட்ட தகரத்தில் கொட்டையைக் கொட்டி அடியில் தீ. ஓட்டு எண்ணெய் பற்றிக்கொண்டு குப்பென்று எரியும், கண் எரிகிற கரும்புகை. மண்ணைப் போட்டு அணைத்து, கல்லால் தட்டி, சூடான பருப்பை இலையில் போட்டுக் கொடுத்தார்கள். கடையில் நன்றாக வறுத்து விற்கிற முந்திரிப் பருப்பு எதுவும் இதற்குக் கிட்ட வராது. பெங்களூர்ப் பெண் ஒருத்தி கருப்பான விரல்களை டிஷ்யூவால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. மச்சான் அதைப் பார்த்து, “எங்கம்மா கை” என்றார். என் மாமியார் முப்பது வருஷம் கொட்டை உடைத்தவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார். என் கல்யாணத்தில் மருதாணி வைத்தும் அந்த விரல் நுனிகள் கருப்பாகத்தான் இருந்தன.

இருட்டத் தொடங்கியபோது திண்ணையில் உட்காரவைத்து ஃபெனி கொடுத்தார்கள். பதினைந்து மில்லி, சின்னக் கண்ணாடிக் கோப்பை, பனிக்கட்டி இல்லை. குடிக்கச் சொல்லவில்லை. உள்ளங்கையில் நான்கு சொட்டு விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, மூக்கருகே குவித்து முகரச் சொன்னார்கள். முதலில் நகப்பூச்சு வாடை, அது சாராயம் பறக்கிற வாடை. கையை விரித்து மூன்று எண்ணிவிட்டு மறுபடி முகர்ந்தேன். இப்போது கனிந்துபோன பலாச்சுளை. அதற்கு அடியில் பச்சை மிளகாயைக் கிள்ளிய காரம், இன்னும் அடியில் ஈரச் சாக்கு. கை காய்ந்து ஐந்து நிமிஷம் கழித்தும் அந்தப் பழம் கையில் இருந்தது. தண்ணீரோ வேறு சரக்கோ கலந்திருந்தால் இப்படி நிற்காது என்றார் மருமகள். என் ஆய்வுக்கூடத்து இயந்திரம் வேறு விதமாகச் சொல்லும். ஆனால் உள்ளங்கையும் மோசமான கருவி இல்லை.

மாமனார் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டினார். கழுத்தோரம் முத்து முத்தாக நுரை கட்டி நின்று மெதுவாக அடங்கியது. ஃபெனி என்ற பெயரே நுரையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்.

மச்சான் கையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. கேட்டேன்.

“இது நாட்டு மரம் மாப்ள. தானே புயலுக்கு முன்னாடி நம்ம தோப்புல அடிச்ச வாசம்.”

2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மச்சான் தோப்பில் அவருடைய தாத்தா காலத்து மரங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் வைத்ததெல்லாம் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்று. காய்ப்பு அதிகம், மரம் குள்ளம், பழமும் வேறு. ஒயின் மாலையில் பிளாக் கரண்ட் என்று சொன்னவரை நினைத்துக்கொண்டேன். தின்ற பழத்தின் பெயரைச் சொன்னால்தான் மூக்கு நம்பும்.

வாயில் வைத்தபோது ஃபெனி எனக்கு முகர்ந்த அளவு பிடிக்கவில்லை, இதையும் சொல்ல வேண்டும். முதல் வாய் முரடு. அறையில் ஒருவர் குடித்தால் பக்கத்து அறைக்குத் தெரியும் என்று கோவாவில் கேலி பேசுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வழிக்கு வந்தது. மச்சானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கோப்பையை வைத்துவிட்டுப் பாட்டிலின் சீட்டைத் திருப்பிப் படித்தார். 42.8 சதவீதம் என்று இருந்தது. “நம்ம டாஸ்மாக் பாட்டில்லயும் இதேதான் போட்டிருப்பான்” என்றார். உண்மைதான், அதே 42.8. ஒற்றுமை அந்த எண்ணோடு முடிந்தது.

மருமகள் அப்போதுதான் கொஞ்சம் சரித்திரம் சொன்னார். மரம் பிரேசிலிலிருந்து வந்தது, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. சாராயம் கோவாக்காரர்களின் வேலை. 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் ஏட்டில் அது நாட்டுச் சாராயமாகவே இருந்தது. 2016-ல்தான் கோவா அரசு அதைப் பாரம்பரிய பானம் என்று எழுதிக்கொடுத்தது. இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் மச்சான், “ஒரே பழம். இங்க பாரம்பரியம், நம்மூர்ல கேஸ்” என்றார். நம் ஊரில் இதைக் காய்ச்ச விடவேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. கள்ளக்குறிச்சி கண்முன்னால் இருக்கும்போது அந்தப் பேச்சு எளிதாக வாயில் வராது. ஆனால் மரத்தடியில் அழுகுகிற பழத்தைச் சாராயமாகத்தான் ஆக்க வேண்டும் என்று இல்லையே, அந்த நீரோவை நம் பக்கம் ஏன் பெரிதாக யாரும் பாட்டிலில் அடைப்பதில்லை என்று வீடு திரும்பும்வரை கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் தெரியவில்லை.

அடுத்து வந்த தென்னை ஃபெனி சாதுவானது. கள்ளைக் காய்ச்சுவது, தெற்கு கோவாவில்தான் அதிகம். முந்திரி ஃபெனி கதவை உதைத்துக்கொண்டு வரும் என்றால் இது செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும். நமக்குக் கள் 1987-லிருந்து தடை. மச்சான் தலைமுறை அதைச் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. அவர் இதை ஒரே மடக்கில் முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்தது துக்‌ஷிரி. ஃபெனியில் ஒரு வேரை ஊறவைத்துக் கொடுப்பது, வயிற்றுக்கு நல்லது என்று வீடுகளில் வைத்திருப்பார்களாம். செம்மண் நிறம். முகர்ந்த உடனே தெரிந்தது, ஆனால் பெயர் வரவில்லை. மச்சான்தான் கோப்பையை வாங்கி முகர்ந்துவிட்டு, “நன்னாரிடா இது!” என்று எழுந்தே நின்றுவிட்டார். ‘டா’ போட்டதை அவர் கவனிக்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. மருமகள் உள்ளே போய் வேரைக் கொண்டுவந்து காட்டினார். நன்னாரியேதான். ஃபெனியின் முரட்டுத்தனத்தை அந்த வேர் அப்படியே அமுக்கிவிடுகிறது. கோவாவில் முதல்முறை ஃபெனி குடிப்பவர்கள் இதிலிருந்து தொடங்கினால் பயப்படாமல் இருப்பார்கள். கடைசியில் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். “முன்னாலேயே கொடுத்தால் மற்றதை யார் குடிப்பார்கள்?” என்றார் மருமகள்.

கடைசியில் ஒரு ஜின் மேசையும் இருந்தது, இவர்களுடையது அல்ல, வெளியிலிருந்து ஒரு பையன் வந்து போட்டது. கோவாவில் 2017-ல் ‘Greater Than’ என்கிற ஜின் வந்த பிறகு ஜின் காய்ச்சாத தெரு இல்லை என்கிற நிலை. கோப்பை முழுக்க டானிக், ஒரு ரோஸ்மேரிக் குச்சி. புற்றுமண் பூசிய பானையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் ஸ்டால் மாதிரி இருந்தது. தாண்டி வந்துவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி. கிஸ்மூர் என்று ஒன்று கொடுத்தார்கள், வறுத்த கூனிக் கருவாட்டோடு தேங்காய்த் துருவல், வெங்காயம், புளி, மிளகாய் போட்டுப் பிசைந்தது. ஒரு கிள்ளு கிஸ்மூர், ஒரு வாய் முந்திரி ஃபெனி, இதற்காகவே இன்னொரு முறை போவேன். கருவாட்டின் வீச்சமும் ஃபெனியின் வீச்சமும் சண்டை போடும் என்று நினைத்தேன், இரண்டும் கைகுலுக்கிக்கொண்டன. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றும் அப்படியே. சொரீஸ் என்கிற பன்றித் தொத்திறைச்சியைச் சூடான பாவ் ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள், வினிகர் புளிப்பும் காரமும் அபாரம். பெபிங்கா கடைசியில் வந்தது. தேங்காய்ப்பாலும் முட்டை மஞ்சளும் நெய்யும் சேர்த்து அடுக்கடுக்காகச் சுடும் இனிப்பு. துக்‌ஷிரியோடு அதைச் சாப்பிட்டுப் பார்க்காமல் வராதீர்கள்.

ஆனால் நேரம் சரியில்லை. நான்கு மணிக்குத் தொடங்கியதில் சுட்ட முந்திரியைத் தவிர வயிற்றுக்கு எதுவும் ஏழரை வரை வரவில்லை. வெறும் வயிற்றில் உர்ராக் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளைக் குர்தாக்காரரே சாட்சி. திண்ணையில் தலையைச் சாய்த்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். மச்சான் பன்றி சாப்பிட மாட்டார், அவருக்கு மாற்றாக உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றைப் பிரித்து வைத்தார்கள். சைவக்காரர்கள் நான்கு பேருக்கும் அதே பொட்டலம்தான். கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி செய்கிற வீட்டில் சைவத்துக்குப் பஞ்சமா? அடுத்த நாள் ஃபோன் செய்து சொன்னேன். மருமகள் மறுக்கவில்லை, பலாக்காய்க் கறி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. செண்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், உங்களுக்கும் வாசனை தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது. மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும், அங்கே கேட்டால்தான் வருகிறது. வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். நான் போகவர வாடகைக் கார் பேசி, காத்திருப்புக் காசையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆளுக்கு 2,200 என்பதில் அதையும் கூட்டிக்கொண்டால் கிட்டத்தட்ட 3,200 வரும். அதற்குத் தகுந்ததா என்றால், நான் போன ஏழெட்டில் இது ஒன்றுதான் தகுந்தது. கடைசிவரை ஆர்டர் படிவம் வரவில்லை. கேட்டவர்களுக்குப் பாட்டில் கொடுத்தார்கள், கேட்காதவர்களை விட்டுவிட்டார்கள். நான் துக்‌ஷிரி ஒன்று வாங்கினேன், 750 மில்லி 1,600 ரூபாய். மச்சான் பாட்டில் வாங்கவில்லை. புற்றுமண் பூசிய மூடியைத்தான் நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொண்டார். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், அவரும் ஏதோ சொன்னார். என்ன பேசினீர்கள் மச்சான் என்று காரில் கேட்டேன். “மழையப் பத்தி” என்றார்.

அடுத்த ஏப்ரலுக்கு மூன்று பேருக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். மூன்றாவது ஆள் என் மாமியார். அவருக்குச் சாராயம் எதுவும் வேண்டாமாம், பழத்தை என்னதான் செய்கிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதுமாம். குடிக்காதவர்களுக்கு 1,200 என்றார்கள். பேசி ஆயிரத்துக்கு முடித்திருக்கிறேன்.